மாஸ்டர் திட்டினால் கிளட்ச் மறந்துபோகிறது

கேள்வி: நான் ஒரு பள்ளி ஆசிரியை. வயது 36. கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். வீட்டில் கார் சும்மா நிற்கிறது. அப்பாவைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக ஒவ்வொரு தடவையும் ஆட்டோ தேட வேண்டியிருக்கிறது. அதனால் எல்.எல்.ஆர். எடுத்து, ஒரு டிரைவிங் ஸ்கூலில் முழுப் பணமும் கட்டிச் சேர்ந்தேன். சொல்லித்தரும் அண்ணாச்சிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தொழில் தெரிந்தவர்தான். ஆனால் வாயைத் திறந்தாலே திட்டு. "கண்ணு எங்க இருக்கு?", "எத்தனை தடவை சொல்லுதேன்?", "நீங்கதான் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கீங்களாக்கும்?" என்பார். அடுத்த வகுப்புக்கான கல்லூரிப் பையன் பின் சீட்டில் இருப்பான். அவனைக் காட்டி, "நேத்து வந்த பையன் எப்படி ஓட்டுதான் பாருங்க" என்பார். கியர் தப்பாக விழுந்தால் கையில் பட்டென்று தட்டுகிறார். போன வாரம் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி ஆஃப் ஆகிப் பின்னால் உருண்டது. பின்னால் பஸ். அவர் போட்ட சத்தத்தில் எது கிளட்ச், எது பிரேக் என்றே தெரியவில்லை. அழுதுவிட்டேன். அதற்கப்புறம் வகுப்புக்குப் போகவில்லை. குறை என்னிடம்தானா? பல்லைக் கடித்துக்கொண்டு போவதா, வேறு ஸ்கூலுக்கு மாறுவதா, இல்லை கார் ஆசையையே விட்டுவிடுவதா?

வாசகி, பாளையங்கோட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கார் ஆசையை விட்டுவிடாதீர்கள். மற்ற இரண்டுக்கும் பதில் கொஞ்சம் நீளமானது.

நானும் இதே தொழிலில் இருப்பவள். மதுரையில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறேன். வேறு எங்கோ திட்டு வாங்கி, பாதியில் நிறுத்திவிட்டு என்னிடம் வரும் பெண்கள் நிறைய. அவர்களிடம் ஒரே பழக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் பார்வை பாதி சாலையில் இருக்கும், பாதி என் முகத்தில் இருக்கும். திரும்பும்போது பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பார்கள். நான் கொஞ்சம் வேகமாக மூச்சு இழுத்தாலே பிரேக்கை மிதித்துவிடுவார்கள். மனசு புண்படுவதோடு இந்தக் கேடு நிற்பதில்லை. வண்டி ஓட்டக் கற்கப் போனவர், மாஸ்டருக்குக் கோபம் வராமல் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார். லைசென்ஸ் வாங்கி நீங்கள் தனியாகப் போகும் நாளில் பக்கத்து சீட்டில் அந்தக் குரல் இருக்காது. அப்போது சாலையைப் பார்த்து முடிவெடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். கீழே நான் எழுதுவதெல்லாம் உங்கள் கவனத்தை அவரிடமிருந்து எடுத்துச் சாலையில் வைப்பதற்காகத்தான்.

குறை உங்களிடமா என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டி ஆஃப் ஆவது, கியர் மாறி விழுவது, மேட்டில் பின்னால் உருளுவது எல்லாம் கற்றுக்கொள்ளும் யாருக்கும் நடப்பவைதான். அந்தக் கல்லூரிப் பையனுக்கும் நடந்திருக்கும், நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். அவன் பல வருஷமாக பைக் ஓட்டுகிறவனாகவும் இருக்கலாம். சாலை பழகிய கண்ணோடு வருகிறவனையும், முப்பத்தாறு வயதில் முதல்முறையாக ஸ்டியரிங் பிடிப்பவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமில்லை. உங்களுக்குக் கூச்சம் கூடுதலாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. வேலையிடத்தில் விஷயம் தெரிந்தவராக இருந்து பழகியவர் நீங்கள். ஒன்றும் தெரியாத இடத்தில் போய் உட்கார்வது பெரியவர்களுக்குத்தான் கஷ்டம்.

இதைவிட முக்கியமாக நீங்கள் பார்க்க வேண்டியது சீட். ஸ்கூல் காரில் உங்களுக்கு முன் ஓட்டியவர் உயரமான ஆள் என்றால் சீட் பின்னால் தள்ளியிருக்கும். அரை மணி நேர வகுப்பில் அதைச் சரிசெய்ய யாரும் பொறுமையாக நேரம் கொடுப்பதில்லை. ஏறினோம், கிளப்பினோம் என்றுதான் நடக்கிறது. அடுத்த வகுப்பில் வண்டியைக் கிளப்பும் முன் கிளட்சை அடிவரை மிதித்துப் பாருங்கள். அந்த நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டாலோ, மிதிக்க இடுப்பை முன்னால் நகர்த்த வேண்டி வந்தாலோ சீட் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கிளட்ச் முழுசாக மிதிபடாமல் கியரைத் தள்ளினால் கரகரவென்று சத்தம் வரும், கியர் விழாது. அவர் உங்கள் கையில் தட்டுவது இதற்காக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அப்படியானால் கோளாறு சீட்டில் இருக்கிறது, உங்கள் கை ஒரு பாவமும் செய்யவில்லை. உயரம் குறைவென்றால் முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தை வைத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. காலில் தடித்த அடிப்பாகம் உள்ள செருப்பும் வேண்டாம், நழுவுகிற ரப்பர் செருப்பும் வேண்டாம்.

அப்புறம் கிளட்ச். ஸ்கூல் காரில் மாஸ்டர் பக்கமும் கிளட்சும் பிரேக்கும் இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் இரண்டு பக்கத்து பெடலும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். அவர் மிதித்தால் உங்கள் பெடலும் கூடவே இறங்கும். பதற்றமான மாஸ்டர் அந்தப் பெடலிலிருந்து காலை எடுக்கவே மாட்டார். வண்டி அழகாக நகரும், நாம்தான் நகர்த்தினோம் என்று நினைப்போம், ஆனால் பாதி வேலை அவர் கால் செய்திருக்கும். எந்த இடத்தில் கிளட்ச் பிடிக்கிறது என்பது நம் பாதத்துக்குத் தெரியாமலே போய்விடும். மேம்பாலத்தில் அவர் காலை எடுத்த நேரம் பார்த்து வண்டி ஆஃப் ஆகும். உங்களுக்கும் இப்படித்தான் நடந்ததோ என்று எனக்குச் சந்தேகம். அவரிடம் கேளுங்கள்: "அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு பத்து நிமிஷம் கிளட்சை நீங்க தொடாதீங்க. ஆஃப் ஆனா ஆகட்டும்." வண்டிப் போக்குவரத்து இல்லாத தெருவில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் மெதுவாக விட்டு வண்டியை நகர்த்தி, மறுபடி நிறுத்தி, மறுபடி நகர்த்திப் பாருங்கள். இன்ஜின் சத்தம் ஒரு நூல் இறங்கும், பாதத்துக்கு அடியில் லேசான அதிர்வு தெரியும். அதுதான் ஹாஃப் கிளட்ச். அதைப் பாதம் கண்டுபிடித்துவிட்டால் உங்கள் பயத்தில் பாதி அங்கேயே இறங்கிவிடும்.

மேட்டில் நின்றுவிட்டால் ஹேண்ட் பிரேக் இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கிளட்சை மிதித்து வண்டியைக் கிளப்பி, முதல் கியர் போடுங்கள். கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்துக் கிளட்சை அந்தப் பிடிக்கும் இடம் வரை விடுங்கள். பானெட் லேசாகத் தூக்கும். வண்டி முன்னால் போக முண்டுவது தெரிந்த பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். பின்னால் ஒரு அங்குலம்கூடப் போகாது. இதை அதிகாலையில், வண்டிகள் வராத ஏதாவது ஒரு சரிவில் கால் பழகும்வரை செய்த பிறகுதான் ஈரடுக்கு மேம்பாலம். கிளட்ச் பிடிபடாத ஒருவரைப் பஸ்ஸுக்கு முன்னால் மேம்பாலத்தில் ஏற்றியது பாடத்தை வரிசை மாற்றி எடுத்தது. அந்தத் தப்பை நீங்கள் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

அன்றைக்கு வண்டி உருண்டபோது அவர் காலடியில் பிரேக் இருந்தது. டிரைவிங் ஸ்கூல் காரில் இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்வது இப்படிப்பட்ட நேரத்துக்காகத்தான். பிரேக்கை மிதித்துவிட்டு, "பரவாயில்லை, ஹேண்ட் பிரேக்கை இழுங்க" என்று சொன்னாலே போதும், ஆபத்து முடிந்தது. அதற்கு மேல் போட்ட சத்தத்தால் யாருக்கும் பாதுகாப்பு கூடவில்லை. நீங்கள் ஆசிரியை, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தி அதட்டினால் தெரிந்த வாய்ப்பாடும் மறந்துபோகிற பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். மேம்பாலத்தில் உங்களுக்கு நடந்தது அதேதான்.

அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்கே வண்டியை எடுத்து, ஒருவர் இறங்க ஒருவர் ஏற என்று நாள் முழுக்க, ஸ்டியரிங் தன் கையில் இல்லாத சீட்டில் உட்காரும் வேலை இது. பயம் நிஜமானது. அவர் வயதுக்காரர்களில் பலர் லாரியில் கிளீனராகச் சேர்ந்து, அடியும் ஏச்சும் வாங்கித்தான் ஸ்டியரிங்கைத் தொட்டவர்கள். கற்றுக்கொடுப்பது என்றால் அதுதான் என்று அவர்களுக்குப் பழகிவிட்டது. நான் இதைச் சொல்வது அவரை நீங்கள் மன்னிக்க வேண்டும் என்பதற்காக இல்லை. அவருடைய சத்தத்தில் பெரும்பகுதி பயத்தில் வருவது என்று தெரிந்தால், அந்தப் பயத்தைக் குறைக்க உங்களிடம் ஒரு வழி இருக்கிறது, அதனால்தான்.

வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஓட்டுங்கள். "முன்னாடி ஆட்டோ நிக்குது, வலது கண்ணாடி பார்க்கிறேன், இண்டிகேட்டர் போடுறேன், ரெண்டாவது கியருக்கு வர்றேன்." முதல் நாள் கூச்சமாக இருக்கும், இரண்டாம் நாள் பழகிவிடும். ஆட்டோவை நீங்கள் பார்த்தீர்களா இல்லையா என்று தெரியாததால்தான் பக்கத்து சீட்டில் இருப்பவர் கத்துகிறார். பார்த்துவிட்டீர்கள் என்று காதில் விழுந்தால் அவர் வாய் தானாகவே அடங்கும். உங்களுக்கும் இதில் லாபம். என்ன நினைப்பாரோ என்ற யோசனைக்கு மூளையில் இடமே இருக்காது, முழுக்கச் சாலைதான் இருக்கும். என்னிடம் வரும் எல்லோரையும் முதல் வாரத்திலிருந்தே இப்படிப் பேசவைக்கிறேன். எந்த இடத்தில் பேச்சு திணறுகிறதோ அங்கேதான் அவர்களுக்குப் பாடம் தேவை என்று எனக்கும் புரிந்துவிடும்.

திட்டு வரும்போது, அதற்குள் வண்டி ஓட்டுவது பற்றி ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். "கண்ணு எங்க இருக்கு?" என்பதில் இருக்கிறது. நீங்கள் பானெட்டையோ கியர் கம்பியையோ குனிந்து பார்த்திருப்பீர்கள், தூரத்தைப் பார்க்கவில்லை. அதற்கு உடனே ஒரு கேள்வியைப் பதிலாகக் கொடுங்கள்: "எங்க பார்க்கணும் அண்ணாச்சி?" கேள்வி கேட்டால் அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும், ஏச்சு பாடமாக மாறிவிடும். "பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கீங்களாக்கும்?" என்பதில் வண்டியைப் பற்றி எதுவும் இல்லை. அதற்குப் பதில் வேண்டாம், சிரிப்பும் வேண்டாம். இந்த இடத்தில் நிறையப் பெண்கள் சங்கடத்தில் சிரித்துவைக்கிறார்கள். சிரித்தால் அது வேடிக்கைப் பேச்சாகிவிடும், நாளைக்கும் தொடரும்.

கடுமையான மாஸ்டர் எல்லோரும் மோசமான மாஸ்டர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி பார்க்காமல் லேன் மாறினால் ஒரு தடவைகூட விடாமல் பிடிக்கிற ஆள் கிடைத்தால் அவரை விடவே விடாதீர்கள். திருப்பத்துக்கு முன்னால் சொல்கிறாரா, திரும்பி முடித்த பிறகு கத்துகிறாரா என்று கவனியுங்கள். முன்னால் சொல்பவர் கறாராக இருந்தாலும் கற்றுக்கொடுக்கிறார். எல்லாம் நடந்து முடிந்த பிறகு மட்டும் வாயைத் திறப்பவரிடம் தொழில் இருக்கலாம், சொல்லித்தரும் பக்குவம் இல்லை.

சரி, அவரிடம் ஒருமுறை நேராகப் பேசிவிடுங்கள். ஓடும் வண்டியில் வேண்டாம், பையன் முன்னாலும் வேண்டாம். வகுப்பு ஆரம்பிக்கும் முன், இன்ஜினைப் போடாமல், சீட்டில் உட்கார்ந்தபடி பேசுங்கள். "அண்ணாச்சி, உங்களுக்குத் தொழில் நல்லாத் தெரியும், அதான் உங்ககிட்டச் சொல்லுதேன். நீங்க சத்தம் போட்டா எனக்குக் கையும் ஓட மாட்டேங்கு, காலும் ஓட மாட்டேங்கு. என்ன செய்யணும்னு முன்கூட்டியே சொல்லுங்க, செஞ்சிருதேன். தப்பு பண்ணினா வண்டியை ஓரங்கட்டின பிறகு சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன்." இவ்வளவு போதும். அவர் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் முதலில் முறைத்துக்கொள்வார்கள், அப்புறம் கொஞ்சமாவது மாறுவார்கள்.

கையில் தட்டுவதைத் தனியாகச் சொல்லுங்கள், கெஞ்சுகிற குரலில் சொல்லாதீர்கள். "கையில தட்டாதீங்க, வாயால சொல்லுங்க." ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்துத் திருப்புவது அவர் வேலையில் சேர்ந்தது. உங்கள் உடம்பில் கை வைப்பது சேராது. சொன்ன பிறகும் தட்டினால் அன்றே ஸ்கூல் முதலாளியிடம் போய்விடுங்கள். தோளிலோ தொடையிலோ கை படுகிறது என்று இந்தப் பத்தியைப் படிக்கும் வேறு யாருக்காவது நடந்தால், அந்த நிமிஷமே வண்டியை நிறுத்தி இறங்கிவிடுங்கள். பெண்கள் உதவி எண் 181. அடுத்த வகுப்பு வரை பொறுத்துப் பார்க்கவே வேண்டாம்.

அழுகை வந்தால் வரட்டும். ஆனால் கண்ணில் நீர் முட்டியதும் இடது இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, ஓரம் ஒதுங்கி, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு அழுங்கள். அவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, "ஓரங்கட்டுதேன்" என்று சொன்னால் போதும். கலங்கிய கண்ணோடு இன்னொரு நூறு மீட்டர் ஓட்டுவதுதான் ஆபத்து.

பின் சீட்டுப் பையனை ஸ்கூல்காரர்கள் டீசலையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்க ஏற்றிவருகிறார்கள். "என் நேரத்தில் வேறு யாரும் வண்டியில் வேண்டாம்" என்று முதலாளியிடம் கேட்கலாம். ஒத்துவராவிட்டால் நாளின் முதல் வகுப்பையோ கடைசி வகுப்பையோ கேட்டு வாங்குங்கள்.

பேசிய பிறகு இரண்டு மூன்று வகுப்பு பாருங்கள். துளியும் மாறவில்லை என்றால் முதலில் அதே ஸ்கூலில் வேறு மாஸ்டரைக் கேளுங்கள். முழுப் பணம் கட்டிவிட்டோமே என்று தயங்க வேண்டாம். உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இதில் உதவும். கார் போன்ற சொந்த வண்டிக்கான பயிற்சிக் காலம் 21 நாளுக்குக் குறையக்கூடாது, அதில் உண்மையாக வண்டி ஓட்டிய நேரம் 10 மணிக்குக் குறையக்கூடாது என்று அதே மத்திய விதிகள் சொல்கின்றன. யார் எவ்வளவு நேரம் ஓட்டினார் என்பதை ஸ்கூல் படிவம் 15 என்ற பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பெயருக்கு நேரே எத்தனை மணி நேரம் இருக்கிறது, நீங்கள் நிஜமாக ஓட்டியது எவ்வளவு என்று பாருங்கள். மாஸ்டரை மாற்றுவது பற்றியோ மீதிப் பணம் பற்றியோ பேச்சு வரும்போது அந்தப் பக்கம் கையில் இருந்தால் குரல் தானாகவே நிமிரும். ஸ்கூலுக்கு உரிமம் கொடுப்பது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். அதை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. எழுத்தில் புகார் கொடுக்கத் தயங்காதீர்கள்.

புதிய இடத்தில் சேரும் முன், பணம் கட்டுவதற்கு முன்னாலேயே, ஒரு வகுப்பில் பின் சீட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று கேளுங்கள். ஓட்டுகிறவர் தப்பு செய்யும்போது மாஸ்டர் வாயிலிருந்து முதலில் வரும் வார்த்தை எது என்று கவனியுங்கள். அதிலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும். பெண் பயிற்சியாளர்தான் வேண்டும் என்று சிலர் தேடுவார்கள். கிடைத்தால் நல்லதுதான், ஆனால் சத்தம் போடுகிற பெண் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். அதனால் அங்கேயும் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

அவசரம் ஒன்றும் இல்லை. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், எடுத்து 30 நாள் கழித்து எப்போது வேண்டுமானாலும் டெஸ்டுக்குப் போகலாம். டெஸ்டில் தவறினாலும் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று தடவையும் தவறினால்தான் 60 நாள் காத்திருக்க வேண்டும். உங்களுக்கு வகுப்பில் கற்றுக்கொள்ள நேரம் தாராளமாக இருக்கிறது. "சீக்கிரம் டெஸ்டுக்கு அனுப்பிடுறேன்" என்று யாராவது அவசரப்படுத்தினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக ஒன்று. கணவர் லீவில் வரும்போது "நானே சொல்லித்தர்றேன்" என்று கட்டாயம் சொல்வார். கிளட்சும் ஹேண்ட் பிரேக்கும் கைவந்த பிறகு மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் காரில் அவர் பக்கம் பெடல் கிடையாது, அதனால் அவருடைய பயம் அண்ணாச்சியின் பயத்தைவிடக் கூடுதலாக இருக்கும், சத்தமும்தான். அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், முன் சீட்டிலேயே உட்கார வேண்டும். முன்னும் பின்னும் சிவப்பு எல் எழுத்து ஒட்டியிருக்க வேண்டும். ஞாயிறு காலையில், நேரான, வண்டிகள் இல்லாத சாலையில் ஆரம்பியுங்கள். கிளம்பும் முன், மேலே நான் அண்ணாச்சியிடம் சொல்லச் சொன்னதையே அவரிடமும் சொல்லிவிடுங்கள்.